மனத்திற்குப் புகலிடம் யாது?

(பௌர்ணமி உபோசத நாளன்று கூடிய தம்ம சபையில் நிகழ்த்தப்பெற்ற உரை)





சென்ற உபோசத நாளன்று வழிபாடு முடிந்து எல்லோரும் கலைந்து சென்ற பின்னர் ஓர் இளைஞர் மட்டும் தனித்து நின்றார். படித்தவர், ஓர் அலுவலகத்தில் பணிபுரிபவர். சற்று நேரம் தயங்கியிருந்துவிட்டுப் பின்வருமாறு கேட்டார்:

"ஐயா, எங்கள் அலுவலகம் இரைச்சல் மிகுந்த இடம். பலர் பேசுவார்கள், தொலைபேசிகள் ஒலித்த வண்ணமே இருக்கும். அவற்றில் எதுவும் என் காதில் ஏறுவதில்லை. ஆனால் எங்கோ ஒரு மூலையில் யாரேனும் எங்கள் சாதிப் பெயரை மெல்ல உச்சரித்தாலும் போதும்; அது மட்டும் நேரே வந்து நெஞ்சில் தைக்கின்றது. அதன்பின் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடுவதில்லை. சாதியை விட்டேன் என்று உறுதி கூறிச் சரணம் புகுந்தவன் நான். என் காது மட்டும் இன்னும் அதை விடவில்லையே! இது என் குற்றமா?"

"தம்பி, இது உம் குற்றமன்று. ஆயினும் இதற்கு விடை ஒரு சொல்லில் அடங்காது. அடுத்த பௌர்ணமியில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கின்றேன்" என்று கூறி அவரை அனுப்பினேன். அவர் இன்று இங்கே அமர்ந்திருக்கின்றார். அவருடைய கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று என்பதை நீங்கள் அறிவீர்கள்.

உண்ணாபர் கேட்ட கேள்வி

சாவத்தி நகரில் உண்ணாபர் என்னும் அந்தணர் ஒருவர் புத்தபிரானிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். சம்யுத்த நிகாயம் இதனைக் கூறுகின்றது. கண், செவி, மூக்கு, நா, உடல் என்னும் ஐம்பொறிகளுக்கும் வெவ்வேறு எல்லைகள் உண்டு. கண் ஒலியைக் கேளாது. செவி நிறத்தைக் காணாது. ஒன்றன் எல்லையில் மற்றொன்று புகுவதில்லை. அங்ஙனமாயின் இவை ஐந்தும் வந்து கூடும் இடம் எது? இவை தந்தவற்றை எல்லாம் ஏற்று அனுபவிப்பது எது?

மனமே அவற்றின் புகலிடம் என்று பகவன் விடையளித்தார். அந்தணர் விடவில்லை. அந்த மனத்திற்குப் புகலிடம் யாது என்று மேலும் கேட்டார். பாலி மொழியில் 'ஸதி' எனப்படும் கடைப்பிடியே மனத்தின் புகலிடம் என்றார் பகவன். கடைப்பிடியின் புகலிடம் விடுதலை. விடுதலையின் புகலிடம் நிர்வாணம். அதற்கு அப்பாலும் அந்தணர் கேட்க முனைந்தபோது, கேள்வி தன் எல்லையைக் கடந்துவிட்டது என்று பகவன் நிறுத்தினார்.

இங்கே இரண்டு செய்திகள் உள்ளன. ஐம்பொறிகளும் தாமே உலகத்தை நமக்குக் காட்டிவிடுவதில்லை; அவற்றைக் கூட்டிச் சேர்க்கும் ஓர் இடம் உண்டு என்பது ஒன்று. அந்த இடமும் தலைவனற்றுக் கிடந்தால் கண்டவர் புகும் சத்திரமாகிவிடும். அதற்குக் காவல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இக்கால மூளை விஞ்ஞானத்தின் துணைகொண்டு சிறிது விரித்துரைப்பேன்.

ஒன்றை முன்னரே சொல்லிவிடுகின்றேன். விஞ்ஞானிகள் கண்டதையெல்லாம் திரிபிடகம் அன்றே கூறிவிட்டது என்று பெருமை பேசுதல் நமக்குத் தகாது. குத்தகபாடம் உடலின் முப்பத்திரண்டு கூறுகளுள் ஒன்றாக மூளையையும் எண்ணுகின்றது. அது என்ன தொழில் செய்கின்றது என்பதை அங்கே விளக்கவில்லை. ததாகதர் தேடியது துன்பத்தின் காரணத்தை. விஞ்ஞானி தேடுவது மூளையின் தொழிலை. இருவரும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே வாசலில் நிற்கும்போது நாம் அதைக் கவனித்தல் நன்று. அவ்வளவே.

பொறிகள் தருவன துண்டுகளே

உங்கள் வீட்டில் இன்றிரவே ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இடப்புறம் ஒரு சிலுவைக் குறியும் வலப்புறம் ஒரு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் சிலுவைக் குறியை மட்டும் நோக்குங்கள். தாளைக் கை நீளத்தில் பிடித்து மெல்ல மெல்ல அருகே கொண்டு வாருங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் கரும்புள்ளி மறைந்துவிடும். கண்ணின் உட்புறத்திலிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை ஏற்கும் அணுக்கள் இல்லை, அதனாலேயே இம்மறைவு. 1660-களில் பிரெஞ்சு நாட்டு மரியோத் என்பவர் இதனைக் கண்டறிந்தார்.

புள்ளி மறைந்தது பெரிய வியப்பன்று. அவ்விடத்தில் என்ன தோன்றுகின்றது என்று பாருங்கள். ஓட்டையோ இருளோ தோன்றுவதில்லை. வெள்ளைத் தாளே தொடர்ந்து தோன்றுகின்றது. கண் தராததை மூளை சுற்றுப்புறம் கண்டு இட்டு நிரப்புகின்றது. நாம் பிறந்த நாள் முதல் இரு கண்களிலும் இத்தகைய இடத்தோடு வாழ்கின்றோம், ஒருநாளும் உணர்ந்ததில்லை.

கண் கூர்மையாகக் காணும் பரப்பும் மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால், ஏறத்தாழ அவ்வளவே. எஞ்சியதெல்லாம் மங்கலானது. இக்குறையை ஈடுசெய்யவே நம் கண்கள் வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம் தாவிக்கொண்டிருக்கின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிய துண்டுகளை மூளை தைத்து முழு ஆடையாக்கி நமக்கு உடுத்துகின்றது. நாம் ஆடையை மட்டுமே காண்கின்றோம், தையலைக் காண்பதில்லை.

இனி, ஒரு பொறியோடு மற்றொரு பொறி கூடும் விதம். நடுமூளையின் மேற்புறத்தில் ஒரு சிறு மேடு உள்ளது. அங்குள்ள சில நரம்பணுக்களுக்குக் கண்வழிச் செய்தியும் வருகின்றது. செவிவழிச் செய்தியும் வருகின்றது. ஒளியும் ஒலியும் ஒரே இடத்திலிருந்து ஒரே வேளையில் வந்தால், தனித்தனியே வந்தபோது காட்டிய எழுச்சியைவிட மிகுந்த எழுச்சியை அவ்வணுக்கள் காட்டுகின்றன. உடனே கண்ணும் தலையும் அத்திசை திரும்புகின்றன. புதரில் சருகு சலசலத்தது. அங்கேயே ஏதோ அசைந்தது. இரண்டும் ஒரே பொருள் என்று மூளை முடிவு செய்து உயிரைக் காக்கின்றது.

இம்முடிவு சில வேளை தவறவும் செய்யும். 1976-ஆம் ஆண்டில் மக்கர்க், மக்டொனால்டு என்னும் இருவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். ஒலிபெருக்கியிலிருந்து 'பா' என்னும் ஒலி வருகின்றது. திரையில் தெரியும் முகமோ 'கா' என்று சொல்லும் வாயசைவைக் காட்டுகின்றது. பார்ப்போரில் மிகப் பலர் கேட்டதாகக் கூறியது 'பா'வும் அன்று, 'கா'வும் அன்று, 'தா' என்பதே! கண்ணை மூடினால் 'பா' என்றே கேட்கின்றது. கண் திறந்தால் மீண்டும் 'தா' ஆகின்றது. இது தந்திரம் என்று அறிந்த பின்னரும் மயக்கம் நீங்குவதில்லை. எவரும் உச்சரிக்காத ஓர் ஒலியை, "நானே என் காதால் கேட்டேன்" என்று மனிதன் ஆணையிட்டுக் கூறுவான். அவன் பொய் சொல்லவில்லை. சேர்த்துக் கொடுத்தது மூளை, பெற்றுக்கொண்டவன் அவன்.

சேர்க்கை கற்கப்படுவது

சகோதர சகோதரிகளே! பொறிகளைச் சேர்க்கும் இத்திறம் முழுவதும் பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வருவதா? இக்கேள்வி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் விடையின்றி நின்றது. 1688-ல் டப்ளின் நகரத்து மோலினோ என்பவர் ஜான் லாக் என்னும் தத்துவ ஞானிக்கு இதனை எழுதினார். பிறவிக் குருடன் ஒருவன் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுத் தொட்டுப் பழகியிருக்கின்றான். திடீரென்று அவனுக்குப் பார்வை கிடைக்கின்றது. தொடாமல், பார்த்த மாத்திரத்தில் இது உருண்டை, இது கனசதுரம் என்று சொல்வானா?

இதற்கான தெளிந்த பரிசோதனை நம் நாட்டுத் தலைநகராகிய டில்லியில் நடைபெற்றது. பவன் சின்ஹா என்னும் விஞ்ஞானி தொடங்கிய 'பிரகாஷ்' திட்டம், கண்புரை முதலியவற்றால் பிறவியிலேயே பார்வையிழந்த ஏழைச் சிறுவர் சிறுமியர்க்குச் சிகிச்சையளித்து வருவது. அவர்களுள் எட்டு முதல் பதினேழு வயது வரையுள்ள ஐவரை, சிகிச்சை முடிந்து இரண்டு நாட்களுக்குள் சோதித்தனர். முடிவு 2011-ல் வெளியாயிற்று. தொட்டறிந்த பொருளை மீண்டும் தொட்டு அடையாளம் கண்டனர். கண்டறிந்த பொருளை மீண்டும் கண்டு அடையாளம் கண்டனர். ஆனால் தொட்டறிந்ததைக் கண்ணால் அடையாளம் காணச் சொன்னபோது தடுமாறினர். ஏறத்தாழ ஊகித்துச் சொல்பவரின் நிலையே அவர்களுடையது. கை அறிந்தது கண்ணுக்கு எட்டவில்லை. எனினும் சில நாட்கள் கழித்து அவர்களுள் சிலரை மீண்டும் சோதித்தபோது நன்கு தேறியிருந்தனர். இடையில் அவர்களுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. கண்டும் தொட்டும் வாழ்ந்த வாழ்க்கையே கற்பித்தது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாது? சேர்க்கை கற்கப்படுவது. கற்கப்பட்டது எத்துணை விரைவாக நிகழ்ந்தாலும், எத்துணை இயல்பாகத் தோன்றினாலும், அது கற்கப்பட்டதே.

இப்போது நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு குழந்தை பிறக்கின்றது. மற்றொரு குழந்தையின் முகத்தைக் கண்டு சிரிக்கின்றது. சில ஆண்டுகளில் அதே குழந்தை ஒரு தெருவின் பெயரைக் கேட்டவுடன் முகம் சுளிக்கின்றது. ஒரு கை நீட்டிய நீரைக் குடிக்கத் தயங்குகின்றது. அந்நீரில் அழுக்கைக் கண்டது கண்ணன்று. நாற்றத்தை முகர்ந்தது மூக்கன்று. பெயர் செவிவழி வந்தது. உருவம் கண்வழி வந்தது. அருவருப்பை வீடும் தெருவும் பள்ளியும் ஊட்டின. மூன்றையும் மூளை தைத்து ஒன்றாக்கிவிட்டது. அதன்பின் அவன் சாதியைக் "காண்கின்றான்". எவரும் உச்சரிக்காத 'தா'வைக் கேட்டவனைப் போலவே, எங்குமில்லாத தீட்டை இவன் கண்ணாரக் காண்கின்றான். நூல்களும் குருமார்களும் அத்தையலுக்கு நூலிழை கொடுத்தார்கள். தையலைப் பிரித்துக் காட்டியதே பகவனின் தொண்டு.

கற்கப்பட்டது மாறக்கூடியது. இதில் ஐயம் கொள்வோர் டில்லிச் சிறுவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கவனமின்றிக் காட்சியில்லை

அடுத்து, கவனம். சாரிபுத்த தேரர் மஹாஹத்திபதோபம சூத்திரத்தில் நுட்பமான ஒன்றை எடுத்துரைக்கின்றார். கண் பழுதின்றி இருக்கின்றது. உருவமும் எதிரே வந்துவிட்டது. ஆனால் அதற்கேற்ற மனத்தின் ஈடுபாடு இல்லை. அப்போது கண்ணுணர்வு தோன்றுவதில்லை. மூன்றும் கூடினாலன்றிக் காட்சி இல்லை.

இதை மெய்ப்பிக்கும் நிகழ்ச்சி ஒன்று 2013-ல் வெளிவந்தது. நுரையீரல் படங்களைப் பார்த்து நோய்க்கட்டிகளைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்த மருத்துவர் 24 பேரிடம் சில படங்களைக் கொடுத்தனர். ஒன்றில் மட்டும் கொரில்லாக் குரங்கின் உருவத்தைப் பதித்து வைத்திருந்தனர். அவர்கள் தேடிய கட்டியைவிட அது 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் அதைக் காணவில்லை! அவர்களுடைய கண்ணசைவைக் கருவி பதிவு செய்திருந்தது. காணாதவர்களில் பன்னிருவரின் கண்கள் அக்குரங்கின் மீதே நின்றிருந்தன. கண் சென்றது, மனம் செல்லவில்லை. கட்டியைத் தேடும் மனம், குரங்கு வந்தாலும் கட்டி அன்று என்று தள்ளிவிட்டது.

இது மூடத்தனமன்று, மூளையின் தேவை. மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே ஆயினும், உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது கொள்கின்றது. வரும் செய்தி அனைத்தையும் ஆராய அதனால் இயலாது. ஆகவே அது தேர்ந்தெடுக்கின்றது. அத்தேர்வு இரு வழிகளில் நிகழ்கின்றது. நாம் விரும்பி ஒன்றின்மீது மனத்தைச் செலுத்துவது ஒரு வழி. நாம் விரும்பாமலே ஒன்று மனத்தைப் பறித்துச் செல்வது மற்றொரு வழி. முன்னதற்கு மூளையின் நெற்றிப்புற மடலும் உச்சிப்புற மடலும் சேர்ந்து தொழில் புரிகின்றன. பின்னதற்கோ, வாசலில் எப்போதும் விழித்திருக்கும் வேறொரு நரம்புத் தொடர் உள்ளது. இருப்புப்பாதை ஓரத்தில் குடியிருக்கும் தாய், இரவெல்லாம் வண்டிகள் இடியென ஓடினாலும் உறங்குகின்றாள். அருகில் கிடக்கும் மகவு சிறிது முனகினால் துள்ளி எழுகின்றாள். அந்த விழித்திருக்கும் காவலே அவளை எழுப்பியது.

நம் இளைஞருக்கு விடை

1953-ல் காலின் செர்ரி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, ஒருவருடைய இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து சொல்லுமாறு பணித்தார். அவ்வாறு செய்தோர்க்கு மறு காதில் பேசப்பட்ட பொருள் ஒன்றுமே தெரியவில்லை. ஆங்கிலம் ஜெர்மன் மொழியாக மாறியதைக்கூட அறியவில்லை. 1959-ல் மோரே என்பவர் அந்த மறு காதில் கேட்பவருடைய பெயரையே ஒலிக்கச் செய்தார். மூன்றில் ஒரு பங்கினர் அதைக் கேட்டுக்கொண்டனர். மூடிய கதவினூடேயும் தன் பெயர் புகுந்துவிடுகின்றது.

ஏன்? வாழ்நாள் முழுவதும் அப்பெயர் நம்மோடு பிணைந்து வந்திருக்கின்றது. வேறொரு பரிசோதனை 2011-ல் வெளியாயிற்று. ஒரு நிறத்தைக் கண்டுபிடித்தால் காசு தந்து சிலரைப் பழக்கினர். பின்னர் காசை நிறுத்திவிட்டு, அந்நிறத்துக்கும் வேலைக்கும் தொடர்பே இல்லை என்றான பின்னரும், அவர்களுடைய கவனம் அந்நிறத்தின் பின்னே ஓடிற்று. வலியோடு பிணைந்து பழகிய அடையாளங்களும் அவ்வாறே கவனத்தைப் பறிக்கின்றன என்பதைப் பிற்காலப் பரிசோதனைகள் காட்டின.

தம்பி, உம் கேள்விக்கு விடை இதுவே. அந்தச் சொல்லை உம் காதுக்குக் கற்பித்தவர் நீர் அல்லீர். பள்ளிக்கூடத்தில் பின்வரிசையில் அமர்த்தியவர் கற்பித்தார். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவர் கற்பித்தார். உம் தந்தையை வயதில் இளையவன் ஒருமையில் விளித்தபோது, அவர் கையைப் பிடித்து நின்ற உம் பிஞ்சுச் செவி கற்றுக்கொண்டது. அச்சொல் ஒலித்தால் அடுத்து வருவது ஆபத்து என்று உம் மூளை அறிந்து, உம்மைக் காப்பதற்காகவே அந்தக் காவலை நிறுத்தியது. ஆகவே அது உம் குற்றமன்று. சரணம் புகுந்ததில் குறையும் அன்று. உம் காது உண்மையாகவே பணி செய்கின்றது. ஆயினும் பழைய எசமானனின் ஆணைக்கு அது இன்னும் பணி செய்கின்றது. அவ்வாணையை மாற்றும் உரிமை இனி உமக்கு உண்டு.

பாதிச் சதுக்கம்

விடையின் மறுபாதியைச் சொல்வதற்கு முன், நம் எல்லோரையும் தொடும் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். மூளையின் வலப்பக்க உச்சிப்புற மடல் பழுதுற்ற சிலருக்கு உலகத்தின் இடப்பக்கம் கவனத்திலிருந்தே மறைந்துவிடுகின்றது. கண்ணில் குறையில்லை, எனினும் தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்டு, உணவு போதவில்லை என்பார்கள். 1978-ல் இத்தாலி நாட்டு மிலான் நகரத்து மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகள் இருவரிடம், அந்நகரின் பெரிய தேவாலயச் சதுக்கத்தை மனத்தில் எண்ணி வருணிக்கச் சொன்னார்கள். தேவாலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணச் சொன்னபோது, வலப்புறக் கட்டடங்களையே கூறினர். பின்னர் தேவாலயத்து வாயிலிலிருந்து எதிர்த்திசை நோக்குவதாக எண்ணச் சொன்னார்கள். இப்போது முன்பு விட்ட கட்டடங்களையெல்லாம் சொன்னார்கள். முன்பு சொன்னவற்றை விட்டுவிட்டார்கள்! சதுக்கம் முழுவதும் நினைவில் இருந்தது. நின்ற இடம் மாறினாலன்றி மறுபாதி தோன்றவில்லை. தாம் பாதியையே சொல்கின்றோம் என்பதையும் அவர்கள் அறியவில்லை.

"உன் ஊரைச் சொல்" என்றால் கோயிலையும் குளத்தையும் பெரிய தெருவையும் தேரையும் சொல்லி முடிக்கின்ற மனிதரை நாம் எத்தனை பேர் கண்டிருக்கின்றோம்! சேரி அவர் சொல்லில் வருவதில்லை. அவர் மறைக்கின்றார் என்று எண்ணுகின்றோம். பல வேளை அவர் மறைக்கவும் இல்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அது தோன்றவேயில்லை. மிலான் நோயாளிக்கு மூளை பழுது; இவருக்குப் பழக்கம் பழுது. பழக்கத்தால் வந்ததாகையால் இவருக்குப் பொறுப்பும் உண்டு, மீட்சியும் உண்டு.

ஆனால் அன்பர்களே, அவரைச் சுட்டும் விரலை இங்கேயே நிறுத்திவிட்டால் இவ்வுரையால் நமக்குப் பயனில்லை. நம் வீட்டில் எல்லோரும் உண்டு எழுந்தபின், அடிச்சட்டியில் எஞ்சியதை உண்ணும் தாய் நம் சதுக்கத்தின் எந்தப் பாதியில் நிற்கின்றாள்? நமக்கும் கீழே என்று ஊர் வைத்திருக்கும் துப்புரவுத் தொழிலாளி நம் வாசலுக்கு வரும்போது, அவர் பெயர் நமக்குத் தெரியுமா? ஒருபுறம் அவமதிப்பின் நோவை அறிந்தவர்கள் நாம். அந்நோவு மறுபுறமும் பார்க்கும் கண்ணை நமக்குத் தானாகவே தந்துவிடுவதில்லை. இடம் மாறி நின்று பார்த்தாலன்றி மறுபாதி தோன்றாது. நாம் தம்மம் தழுவியதன் பொருள்களுள் ஒன்று இவ்வாறு இடம் மாறி நிற்பது.

காவலை நிறுவுதல்

இனி, மனத்தின் புகலிடமாகிய நற்கடைப்பிடியை நிறுவுவது எவ்வாறு? பகவன் ஆறு விலங்குகளின் உவமை ஒன்று கூறினார். பாம்பு, முதலை, பறவை, நாய், நரி, குரங்கு ஆகிய ஆறையும் கயிற்றால் ஒன்றாகப் பிணைத்தால், பாம்பு புற்றுக்கும், முதலை நீருக்கும், பறவை வானுக்கும், நாய் ஊருக்கும், நரி சுடுகாட்டுக்கும், குரங்கு காட்டுக்கும் இழுக்கும். எது வலியதோ அதன் பின்னே மற்றவை செல்லும். அவற்றை உறுதியான கம்பத்தில் கட்டினால், இழுத்து இழுத்து ஓய்ந்து அங்கேயே படுத்துவிடும். உடலின்மீது நிலைபெற்ற கடைப்பிடியே அக்கம்பம். விலங்குகளைக் கொல்லச் சொல்லவில்லை. கண்ணைப் பிடுங்கவும் செவியை அடைக்கவும் சொல்லவில்லை. கம்பம் நடச் சொன்னார்.

மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் உபதேசித்த பன்னிரு சார்புகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை என்னும் நான்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. செவி வாயில், சொல் வந்து படுவது ஊறு, நோவது நுகர்வு. இம்மூன்றும் இமைப்பொழுதில் நிகழ்ந்துவிடும்; அவற்றைத் தடுப்பது அரிது. ஆனால் நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே ஒரு சிறு வாசல் உண்டு. காவல் நிற்க வேண்டிய இடம் அதுவே.

செய்முறை எளியது, விடாமுயற்சி வேண்டுவது. நாள்தோறும் காலையில் பத்து நிமிடம் நிமிர்ந்து அமர்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் மட்டும் கவனியுங்கள். மனம் ஓடும். ஓடியது என்று கண்ட அந்தக் கணமே வெற்றி; வெகுளாமல் மீட்டுக்கொண்டு வாருங்கள். ஆயிரம் முறை ஓடினால் ஆயிரத்தோராம் முறையும் மீட்டு வாருங்கள். பின்னர் அலுவலகத்தில் அந்தச் சொல் வந்து தைக்கும்போது மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். கேட்டது ஓர் ஒலி. எழுந்தது ஒரு வலி; மார்பிலோ தொண்டையிலோ அது இருக்கும்; அங்கே அதை அறியுங்கள். அதன்பின் வருவது ஒரு கதை: "இவர்கள் எப்போதும் இப்படித்தான், என்னைப் பற்றித்தான், நான் என்ன செய்தாலும்..." என்று வளர்வது. ஒலி அவர்களுடையது, வலி உம் உடலினது, கதைக்கு மட்டும் உம் அனுமதி வேண்டும்.

கவனம் பழக்கத்தால் திருந்தும் என்பதற்கு விஞ்ஞானச் சான்றும் உண்டு. விரைந்து தோன்றி மறையும் எழுத்துகளினிடையே இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்தால், முதல் எண்ணைப் பற்றிக்கொண்ட மனம் ஏறத்தாழ அரை வினாடி வரை அடுத்த எண்ணைத் தவறவிடுகின்றது. மூன்று மாதம் விபாசனைப் பயிற்சி மேற்கொண்ட 17 பேரிடம் இத்தவறு குறைந்திருந்ததென 2007-ல் ஒரு பரிசோதனை வெளியாயிற்று. அது சிறிய பரிசோதனையே. அதைக் கொண்டு அற்புதம் பேச வேண்டா. ஒன்றைப் பற்றிய பிடி தளர்ந்தால் அடுத்ததைக் காணும் இடம் மனத்தில் உண்டாகின்றது என்னும் அளவில் கொள்வோம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். கடைப்பிடி என்பது அநீதியைக் காணாதிருத்தல் அன்று. பொறுத்துப் பொறுத்துத் தலை குனிதலும் அன்று. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துள்ளது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கின்றது. அச்சொல் உம்மை இழிவு செய்யவே ஏவப்பட்டதாயின், நிமிர்ந்து நின்று உரிய வழியில் கேளும். ஆனால் கேட்பவன் தன் மனத்துக்குத் தலைவனாக நின்று கேட்கட்டும். கொதித்த மனம் ஒரு வலையில் தானே சென்று விழும். தெளிந்த மனம் யார் பேசினார், என்ன பேசினார், யார் சாட்சி என்று அறிந்து நிற்கும். அதே தெளிவு, மூலையில் பேசியவர்கள் உண்மையில் வேறெதையோ பேசினார்கள் என்றால் அதையும் அறிந்து ஆறுதல் அடையும்.

பெற்றோர்களே! உங்கள் குழந்தைகளின் பொறிகள் இன்று தைத்துக்கொண்டிருக்கின்றன. எந்தப் பெயரோடு எந்த உணர்ச்சியைச் சேர்ப்பது என்பதை அவை உங்கள் முகத்தைப் பார்த்தே கற்கின்றன. அவர்கள் முன்னிலையில் எந்த மனிதரையும் பிறப்பைச் சொல்லி இகழாதீர்கள், உங்களையும் இகழ்ந்துகொள்ளாதீர்கள். நாம் முயன்று பிரிக்கும் தையலை அவர்கள் போடாமலே வளரட்டும்.

உண்ணாபர் கேட்ட கேள்வி இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒவ்வொரு நாளும் நம் வாசலில் நின்று கேட்கின்றது: ஐம்பொறிகள் கொண்டு வந்ததைச் சேர்ப்பது உன் மனம், உன் மனத்தைக் காப்பது யார்? பழைய அச்சமா, பழைய இகழ்ச்சியா, அல்லது நீ நட்ட கம்பமா? இன்றிரவு வீடு சென்று தாளில் அந்தப் புள்ளியை மறையச் செய்து பாருங்கள். நாளைக் காலை பத்து நிமிடம் அமருங்கள். அடுத்த பௌர்ணமியில் கூடும்போது, நீங்கள் கண்டதை எனக்குச் சொல்லுங்கள்.

சகல உயிர்களும் நலமுறுக! நம் கண்கள் முழுச் சதுக்கத்தையும் காண்க!

சாது! சாது! சாது!